இத்தாலிய மொழியில் "உங்களுக்கும்!" சொல்வது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

போலோன்யாவுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, மழையில் நனைந்து இருமல் பிடித்துக்கொண்டது. ஊர் நடுவில் மட்டும் 38 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட நடைபாதை இருக்கிற ஊரில் மழையில் நனைவதற்கே ஒரு தனித் திறமை வேண்டும், அது எனக்கு இருந்தது. பச்சைச் சிலுவை மின்னுகிற ஒரு மருந்துக்கடைக்குப் போய், தொண்டையைத் தொட்டுக் காட்டி ஒரு சிரப் வாங்கினேன். காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கவுன்ட்டரில் இருந்த அம்மா, "புவோனா குவரிஜோனே!" என்றார். சீக்கிரம் குணமாகட்டும் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் "அல்த்ரெத்தான்தோ", அதாவது "உங்களுக்கும் அப்படியே". யார் என்ன வாழ்த்தினாலும் இதைச் சொன்னால் போதும் என்று மொழி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், அப்புறம் தன் வெள்ளைக் கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒன்றும் இல்லையே!" என்று சிரித்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற தாத்தாவும் சிரித்தார்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். ஆனால் வெளியே வந்ததும் ஒன்று உறைத்தது. வாழ்த்தைத் திருப்பிக் கொடுப்பது இங்கே மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற வேலை இல்லை. எதிரே இருப்பவர் அடுத்ததாக என்ன செய்யப்போகிறார் என்று ஒரு கணம் பார்த்துவிட்டுப் பேச வேண்டிய வேலை. இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் நம் பக்கத்துச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் வாழ்த்துக்கு வாயால் பதில் சொல்லும் பழக்கம் குறைவு. பாட்டி "நல்லா இரு" என்றால் காலைத் தொடுவோம், இல்லையென்றால் பேசாமல் சிரிப்போம். "உங்களுக்கும் அப்படியே பாட்டி" என்று யாராவது சொல்வோமா? இத்தாலியில் அந்தச் சிரிப்பு மட்டும் போதாது. பால் வாங்கினால் நல்ல நாள், ரயில் ஏறினால் நல்ல பயணம், வேலைக்குப் போனால் நல்ல வேலை, புத்தகம் வாங்கினால் நல்ல வாசிப்பு, சினிமா தொடங்குமுன் நல்ல பார்வை. "புவோன்" அல்லது "புவோனா" என்று போட்டு, பின்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிடுவார்கள். நாள் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து முறையாவது காதில் விழும். பதில் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தால் முசுடு என்று நினைப்பார்கள்.

முதலில் வாயைப் பழக்குங்கள்

தமிழ் எழுத்தில் இத்தாலியச் சொற்களை எழுதும்போது ஒரு தொந்தரவு உண்டு. நம் கண் "ந்த" என்று பார்த்தால் நாக்கு "பந்து" மாதிரி மெலித்துவிடும். அதனால்தான் அல்த்ரெத்தான்தோ என்று "ன்தோ" போட்டு எழுதுகிறேன். அந்தக் கடைசித் "தோ" தோசையின் தோ. இந்தக் கட்டுரையில் த எங்கே வந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான், நடுவில் வந்தாலும் வன்மை குறையாது. க, ப இரண்டுக்கும் இதே கதை. புவோன் என்பதில் வருவது மட்டும் பஸ்ஸின் ப. கிராட்சியே, குவரிஜோனே, அவுகூரி போன்றவற்றில் வருவது காந்தியின் கா. மெலிய வேண்டிய மற்ற இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நல்ல செய்தி என்னவென்றால், இத்தாலியர்களின் த நம்முடைய த-வேதான், பல்லில் நாக்கு படுகிற த. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை ட மாதிரி சொல்லிச் சிரமப்படுவார்கள். இரட்டை மெய்யும் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு, "பட்டு" வேறு "படு" வேறு என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் நாம். அல்-த்ரெத்-தான்-தோ. "தான்" மேல் அழுத்தம். குளியலறையில் பத்துமுறை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

உனக்கும், உங்களுக்கும்

அடுத்த படி மிகச் சுலபம், அதுவும் தமிழில் யோசித்தால். "ஆன்கே" என்றால் நம் "உம்". "ஆ தே" என்றால் உனக்கு. சேர்த்தால் "ஆன்கே ஆ தே", உனக்கும். மரியாதையாக என்றால் "ஆன்கே ஆ லேய்", உங்களுக்கும். பலர் நின்றால் "ஆன்கே ஆ வோய்". புதிதாகப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் "ஆன்கே தூ" என்று சொல்லிவிடுவார்கள், அது "நீயும்". வாழ்த்து போய்ச் சேர வேண்டியது உனக்கு, ஆகவே நான்காம் வேற்றுமை. தமிழில் யாராவது "நல்லா தூங்கு" என்றால் "நீயும்" என்பார்கள், சரிதான், ஆனால் "இனிய நாளாக அமையட்டும்" என்றால் "உங்களுக்கும்" என்றுதான் வாயில் வரும். அந்தக் காதை நம்பி ஆங்கிலத்து "யூ டூ"வை மறந்துவிடுங்கள்.

தே-யா லேய்-யா என்று முடிவெடுப்பதில்தான் தயக்கம் வரும். சக மாணவர், ஒத்த வயதுக்காரர், உடன் வேலை செய்பவர் எல்லாம் பெரும்பாலும் "தூ". கடைக்காரர், மருத்துவர், அலுவலகக் கவுன்ட்டர், மாடிவீட்டுப் பெரியம்மா எல்லாம் "லேய்". சந்தேகம் வந்தால் லேய். அவர்களே "தூ என்றே கூப்பிடு" என்பார்கள், அப்போது மாறிக்கொள்ளலாம். நாம் நீங்கள் என்று தொடங்கி நீ-க்கு வருவது போலத்தான். "லேய்" என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் "அவள்", அதையே மரியாதைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1938-இல் முசோலினி ஆட்சி இது அந்நியத்தனமானது, அடிமைத்தனமானது என்று சொல்லி "லேய்"யை ஒதுக்கி, "வோய்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆட்சி போனது, லேய் திரும்பிவிட்டது. ஆனால் நாப்போலி, கலாப்ரியா பக்கம் வயதானவர்களை வோய் என்று அழைக்கும் பழைய வழக்கம் இன்னும் காதில் விழும், அதற்கும் அந்த உத்தரவுக்கும் சம்பந்தமில்லை. வோய் என்பது பன்மை, நம் "நீங்கள்" மாதிரியே. தெற்கே ஒரு பாட்டியிடம் வோய் போட்டுப் பேசினால் தப்பில்லை.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது அல்த்ரெத்தான்தோ. அதற்குத் தூவும் கிடையாது லேயும் கிடையாது. வாழ்த்து ஆண்பாலா பெண்பாலா என்றும் பார்க்க வேண்டாம், "புவோனா" என்று கேட்டதால் அல்த்ரெத்தான்தா என்று மாற்றிவிடாதீர்கள். முன்னால் ஒரு "கிராட்சியே" கட்டாயம். "கிராட்சியே, அல்த்ரெத்தான்தோ." நன்றி சொல்லாமல் வெறும் அல்த்ரெத்தான்தோ கொஞ்சம் மொட்டையாகக் கேட்கும்.

திருப்பலாமா, கூடாதா

இனிதான் மருந்துக்கடைப் பாடம்.

வாழ்த்தில் இரண்டு வகை. ஒன்று, இருவருக்கும் பொருந்துவது. நல்ல நாள், நல்ல மாலை, நல்ல வார இறுதி, நல்ல ஞாயிறு. நாள் எல்லோருக்கும்தான் விடிகிறது, ஆகவே தாராளமாகத் திருப்பலாம். "புவோனா ஜொர்னாதா!" "கிராட்சியே, ஆன்கே ஆ லேய்." முடிந்தது.

இன்னொன்று, உங்களுக்கு மட்டும் பொருந்துவது. உங்கள் உடம்பு, உங்கள் பயணம், உங்கள் பிறந்தநாள், உங்கள் தட்டில் இருக்கிற சாப்பாடு. ரயிலில் டிக்கெட் பார்த்துவிட்டுப் பரிசோதகர் "புவோன் வியாஜ்ஜோ" என்கிறார். அவருக்கு இது பயணம் இல்லை, வேலை. இங்கே வெறும் "கிராட்சியே" போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இங்கே நாளடைவில் பழகியவர்கள் ஒன்று செய்வார்கள்: "கிராட்சியே, புவோன் லவோரோ!" நன்றி, உங்கள் வேலை நன்றாக நடக்கட்டும். முதல்தடவை நான் இதைச் சொன்னபோது, அதுவரை இயந்திரம் மாதிரி டிக்கெட் பார்த்துக்கொண்டே வந்த அந்த மனிதர் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இரண்டு சொற்கள் அவைதான். புவோன் லவோரோ. கூரியர் கொண்டுவருபவர், பஸ் ஓட்டுநர், குடியிருப்பு அனுமதிக்காக மூன்று மணிநேரம் காத்திருந்து கடைசியில் பார்க்கிற அதிகாரி, மருத்துவமனை நர்ஸ், மாடிப்படி துடைக்கிற அக்கா, எல்லோருக்கும் பொருந்தும். வேலையில் இருப்பவர் உங்களுக்கு எதை வாழ்த்தினாலும் இதைத் திருப்பிக் கொடுக்கலாம். தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை. வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது நாம் "என்ன, வேலை நடக்குதா?" என்று கேட்போமே, அந்த இடத்தில் இங்கே வாழ்த்து.

நிறையப் பயன்படுகிற இன்னொன்று "புவோன் புரொசெகுவிமென்தோ" ("கு" மெலியும்). எதைச் செய்துகொண்டிருக்கிறீர்களோ அது நன்றாகத் தொடரட்டும் என்று பொருள். அவர் என்ன செய்கிறார் என்றே தெரியவில்லையா, பேசி முடித்துவிட்டு நீங்கள் கிளம்புகிறீர்களா, உணவகத்தில் தெரிந்தவர் மேஜையைக் கடக்கிறீர்களா, இதைச் சொல்லுங்கள். ஊருக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு "புவோன் ரியென்த்ரோ", பத்திரமாய்த் திரும்புங்கள். இரவுப் பணி முடித்துத் தூங்கப் போகிறவருக்கு "புவோன் ரிபோசோ", நல்ல ஓய்வு. விழாவுக்கோ படத்துக்கோ கிளம்புகிறவருக்கு "புவோன் திவெர்திமென்தோ" (முதல் "தி" மட்டும் மெலியும்). இவையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவர் அடுத்து என்ன செய்யப்போகிறாரோ அந்தச் சொல் தெரிந்தால் முன்னால் புவோன் போட்டுவிடுங்கள், தொண்ணூறு சதம் சரியாகத்தான் இருக்கும்.

வணக்கத்தையும் வாழ்த்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். "புவோன்ஜோர்னோ" வரும்போது சொல்வது, அதற்குப் பதில் இன்னொரு புவோன்ஜோர்னோ. அதற்கு அல்த்ரெத்தான்தோ சொன்னால் "வணக்கம்" என்பதற்கு "உங்களுக்கும் அப்படியே" என்ற மாதிரி இருக்கும். "புவோனா ஜொர்னாதா" போகும்போது சொல்வது. மாலையில் "புவோனசேரா" வருகைக்கு, "புவோனா செராதா" விடைபெற. "புவோனநோத்தே" தூங்கப் போகும்போது மட்டும், இரவு எட்டு மணிக்கு உணவகத்துக்குள் நுழையும்போது அதைச் சொல்லி நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவசரக்காரர்கள் வாழ்த்தைச் சுருக்கி வெறும் "புவோனா!" என்று விட்டெறிவார்கள். காலையா மாலையா என்று தேட வேண்டாம், நீங்களும் "புவோனா!" என்று எறிந்துவிடலாம்.

சாப்பாட்டுப் பக்கம்

"புவோன் அப்பெதீதோ" என்பதற்கு ஒரே கேள்விதான்: சொன்னவரும் சாப்பிடுகிறாரா? ஒரே மேஜை என்றால் "கிராட்சியே, அல்த்ரெத்தான்தோ". தட்டு கொண்டுவந்து வைத்தவர் சொன்னால் வெறும் கிராட்சியே. அலுவலகத்தில் நீங்கள் டப்பாவைத் திறக்கும்போது கடந்து போகிற ஒருவர் சொன்னால், அவர் கையிலும் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். மேல்தட்டு மேஜை நாகரிகம் பேசுகிறவர்கள் இந்த வாழ்த்தையே சொல்லக்கூடாது என்பார்கள். நான் சாப்பிட்ட இடங்களில் எல்லாம் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்.

இதைவிடச் சுவையானது ஒன்று தெற்கே போகும் ரயிலில் நடந்தது. எதிரே ஒரு வயதான தம்பதி. அலுமினியத் தாளைப் பிரித்தார்கள், உள்ளே கத்தரிக்காய் வறுவல் வைத்த ரொட்டி, பெட்டி முழுக்க பூண்டு வாசம். சாப்பிடத் தொடங்குமுன் அந்த அம்மா என்னை நோக்கி ரொட்டியை நீட்டி "வுவோலே ஃபவொரீரே?" என்றார். அச்சு அசல் நம் "சாப்பிட வாங்க". அதுவும் நம் ஊர் மாதிரியே, கேட்பது மரியாதை, உடனே கையை நீட்டிவிடாமல் இருப்பது அதைவிட மரியாதை. நாம் "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்போம் அல்லவா, இங்கே "கிராட்சியே, கோமே சே அவெஸ்ஸி அச்செத்தாதோ" என்று ஒரு பழைய அழகான பதில் இருக்கிறது: நன்றி, நான் வாங்கிக்கொண்டது போலவே. கூடவே "புவோன் அப்பெதீதோ" சேர்த்துவிடலாம். எனக்கு அன்று இது தெரியாது. வெறுமனே "நோ, கிராட்சியே" என்றேன். அவர் மூன்றாவது முறையும் நீட்டினார், அப்புறம் மறுப்பதற்கு எனக்கு மனமில்லை. கத்தரிக்காய் அருமை. மூன்றாவது தடவையும் கேட்டால் உண்மையாகத்தான் கேட்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓநாய் வாய்க்குள்

பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ போகிறீர்கள் என்று தெரிந்தால் இத்தாலியர்கள் "இன் போக்கா அல் லூபோ" என்பார்கள் ("போ"வில் வருவது பஸ்ஸின் ப, லூபோவில் இல்லை). ஓநாயின் வாய்க்குள் போ! முதல்முறை கேட்டால் திக்கென்றிருக்கும். "போகிறேன்" என்று சொல்லாமல் "போய் வருகிறேன்" என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதன் உள்ளே இருக்கிற கணக்கு சட்டென்று புரியும். நல்லதை நேராகச் சொன்னால் கண் பட்டுவிடும், ஆகவே கெட்டதைச் சொல்லி விதியை ஏமாற்றுகிறார்கள். நாம் ஒரு பக்கம், அவர்கள் மறுபக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்குப் பழைய பதில் "கிரேபி!" ஓநாய் சாகட்டும் என்று பொருள். "கிராட்சியே" சொன்னால் ராசியில்லை என்பது பழைய நம்பிக்கை. இங்கே பல்கலைக்கழகத் தேர்வுகள் நிறைய வாய்மொழியாகவே நடக்கும், முப்பதுக்கு மதிப்பெண், கதவுக்கு வெளியே வரிசையாக நிற்போம். நான் உள்ளே போகும்போது ஒருத்தி "இன் போக்கா அல் லூபோ" என்றாள், நான் பணிவாக "கிராட்சியே" என்றேன், பின்னாலிருந்து நாலு பேர் "ஐயோ, கிரேபி சொல், கிரேபி சொல்!" என்று கத்தினார்கள். சொன்னேன். ஒருத்தி மட்டும் முகத்தைச் சுளித்தாள். ஓநாய் ஏன் சாக வேண்டும், தாய் ஓநாய் குட்டியை வாயில் கவ்விப் பத்திரமாகக் கொண்டுபோகுமே, அதுதான் இந்த வாழ்த்தின் பொருள் என்று அவள் வாதம். அப்படி நினைப்பவர்கள் "விவா இல் லூபோ", ஓநாய் வாழ்க என்பார்கள், இல்லை நன்றி என்பார்கள். தாய் ஓநாய்க் கதை பின்னால் வந்த விளக்கம்தான், பழைய பொருள் ஆபத்து என்பதே. ஆனால் தேர்வறை வாசலில் நின்று விலங்குப் பிரியர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். நான் கிரேபி கட்சி. சொன்னவர் கையில் விலங்குக் காப்பகத்துப் பை இருந்தால் விவா.

எது எப்படியோ, இதற்கு அல்த்ரெத்தான்தோ மட்டும் சொல்லக்கூடாது, அடுத்து அவருக்கும் தேர்வு இருந்தால் முதலில் கிரேபி சொல்லிவிட்டு அப்புறம் அவருக்கு ஒரு ஓநாயை அனுப்புங்கள். நேராக "புவோனா ஃபோர்தூனா", நல்ல அதிர்ஷ்டம், என்று சொன்னாலும் சிலர் முகம் மாறும். மேடை நாடகக்காரர்களிடம் இன்னும் ஒரு வாழ்த்து இருக்கிறது, அது மலத்தின் பெயரை மூன்றுமுறை சொல்வது. குதிரை வண்டிகள் நிறைய வந்து நின்றால் வாசலில் சாணி நிறைய கிடக்கும், கூட்டம் நிறைய என்று அர்த்தம், அப்படி ஒரு கதை சொல்வார்கள். அதற்கும் நன்றி சொல்லக்கூடாதாம்.

அவுகூரி

பிறந்தநாள், திருமணம், குழந்தை, பண்டிகை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் "அவுகூரி", நிறைய என்றால் "தான்தி அவுகூரி". எது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பிறந்தநாள் உங்களுடையது, வாழ்த்தியவருடையது இல்லை. "கிராட்சியே மில்லே", ஆயிரம் நன்றி. அல்லது "கிராட்சியே தெல் பென்சியேரோ", நினைவில் வைத்ததற்கு நன்றி (தெல் மெலியும்). அதோடு விடமாட்டார்கள். இங்கே பிறந்தநாள்காரர்தான் செலவு செய்ய வேண்டும், அலுவலகத்துக்குக் கேக்கோ பேஸ்ட்ரியோ கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் எல்லோருக்கும் காபி வாங்கித்தர வேண்டும். நாம் ஆபீஸுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோவது மாதிரியே, ஆகவே இதில் நமக்குப் பயிற்சி தேவையில்லை. முன்கூட்டியே மட்டும் வாழ்த்திவிடாதீர்கள். நாளை பிறந்தநாள் என்று தெரிந்து இன்றைக்கே அவுகூரி சொன்னீர்கள் என்றால் அவர் கை பதறி இரும்பைத் தேடும். மரத்தைத் தொடுவது வேறு ஊர்களில், இங்கே இரும்பு. தாமதமாகச் சொல்லலாம், தோஷமில்லை.

பண்டிகைகள் எல்லோருக்கும் பொது. டிசம்பர் 25-க்கு "புவோன் நதாலே", மொத்தமாக "புவோனே ஃபேஸ்தே", ஈஸ்டருக்கு "புவோனா பாஸ்குவா", ஆகஸ்ட் 15-க்கு "புவோன் ஃபெர்ராகோஸ்தோ" ("கோ" மெலியும்). கடைசியில் சொன்னது கி.மு. 18-இல் பேரரசர் அகஸ்டஸ் தொடங்கிவைத்த ஓய்வு நாட்களிலிருந்து வந்தது. இன்றைக்கும் அந்த வாரத்தில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். "நான் கிறிஸ்தவன் இல்லையே" என்று யாருக்கும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை, அவர்கள் மதம் கேட்கவில்லை. "கிராட்சியே, அல்த்ரெத்தான்தோ ஆ லேய் எ ஃபமில்யா", உங்களுக்கும் குடும்பத்துக்கும். நெருக்கமானவர் என்றால் "ஆ தே எ ஆய் துவோய்", உனக்கும் உன்னவர்களுக்கும். குடும்பத்தைச் சேர்த்துச் சொல்வது இங்கே வெகுவாகப் பிடிக்கும்.

புத்தாண்டில் மட்டும் கவனம். "புவோன் ஆன்னோ" என்பதில் ன இரட்டை. ஒற்றையாகச் சொன்னால் ஆண்டு போய் ஆசனவாய் ஆகிவிடும். தமிழ் வாய்க்கு இது பெரிய விஷயமே இல்லை, ஆனால் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்கும்போது ஜாக்கிரதை.

விடுமுறைக்குக் கிளம்பும்போது "புவோனே வகான்ட்சே" என்பார்கள். வாழ்த்தியவரும் கிளம்புகிறார் என்றால் திருப்பலாம். அவர் ஆகஸ்ட் முழுக்க அலுவலகத்தில் தனியாகக் கிடக்கப்போகிறவர் என்றால் அல்த்ரெத்தான்தோ குத்தும், புவோன் லவோரோ அதைவிடக் குத்தும். அப்போது "கிராட்சியே, ஆ பிரெஸ்தோ", சீக்கிரம் பார்ப்போம் என்று நழுவிவிடுங்கள்.

மார்ச் 8 அன்று பெண்களுக்கு மஞ்சள் மிமோசாப் பூங்கொத்து கொடுத்து அவுகூரி சொல்வார்கள். பெண்ணுக்குப் பெண் சொன்னால் "ஆன்கே ஆ தே", ஆண் சொன்னால் நன்றி போதும். மார்ச் 19, புனித ஜூசெப்பே நாள், இங்கே அதுவே தந்தையர் தினம். ஜூசெப்பே என்ற பெயருள்ளவர்களுக்கு அன்று பெயர்த்திருநாளும் ஆகிவிடும், ஆகவே ஒரு அவுகூரி சொல்லி வையுங்கள். பலேர்மோவில் இருக்கிற நம் ஈழத்தமிழர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த ஊரின் புனித ரொசாலியாவைக் கும்பிட பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறுகிற கூட்டத்தில் சைவர்களும் இருக்கிறார்கள்.

துக்கம் மட்டும் தனி. உங்கள் வீட்டில் இழப்பு என்று கேள்விப்பட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு "கொந்தொல்யான்ட்சே" என்பார்கள் (இங்கே "ந்தொ" பந்து மாதிரிதான்). பதில் "கிராட்சியே", அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பழக்கதோஷத்தில் அல்த்ரெத்தான்தோ வாயில் வந்துவிடும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டதாகச் சொல்லுங்கள்

"வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்க" என்பது இங்கேயும் உண்டு: "சலூதமி இ துவோய்". மரியாதைக்கு "மி சலூதி லா சின்யோரா", வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பதில் "நோன் மன்கெரோ", தவறாமல் சொல்கிறேன். இன்னார் உன்னைக் கேட்டார் என்று ஒருவர் செய்தி கொண்டுவந்தால், "கிராட்சியே, ரிகாம்பியா!", நானும் கேட்டதாகச் சொல்.

ரிகாம்பியோ என்றால் "நான் திருப்பிக் கொடுக்கிறேன்". எழுத்தில் இதற்குத்தான் மதிப்பு. பேராசிரியரோ வீட்டு உரிமையாளரோ பண்டிகை வாழ்த்து அனுப்பினால், "லா ரிங்கிராட்சியோ எ ரிகாம்பியோ தி குவோரே ல்யி அவுகூரி" என்று ஒரு வரி போட்டு, கீழே பெயர் எழுதினால் போதும் (அந்தத் "தி" மெலியும்). மனமார நன்றி, மனமாரத் திருப்பி வாழ்த்துகிறேன் என்று ஆகிறது. தெருவில் "ரிகாம்பி" என்று பெரிய எழுத்தில் போர்டு பார்த்தால் உள்ளே போய்விடாதீர்கள், அது வண்டி உதிரிபாகக் கடை.

எப்போது நிறுத்துவது

ஒருமுறை திருப்பினால் போதும். அவர் வாழ்த்தினார், நீங்கள் திருப்பினீர்கள், அவர் "கிராட்சியே" அல்லது "அர்ரிவெதேர்ச்சி" (மறுபடி பார்ப்போம், "தே" மெலியும்) என்றார், கதை முடிந்தது. அந்த நன்றிக்கு இன்னொரு வாழ்த்து தேட வேண்டாம். இது கடையில், ரயிலில், அலுவலகத்தில் செல்லுபடியாகும்.

எங்கள் மாடிப்படியில் செல்லாது. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிற ஒரு பெரியம்மா ஞாயிறு பன்னிரண்டரைக்குப் பேஸ்ட்ரித் தட்டோடு ஏறி வருவார். கடைக்காரர் தாள் சுற்றி ரிப்பன் முடிச்சுப் போட்டுக் கொடுத்ததை அப்படியே ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு. "புவோனா தொமேனிகா" என்பார் (தொ மெலியும்). "கிராட்சியே, ஆன்கே ஆ லேய், எ புவோன் பிரான்ட்சோ" என்பேன், நல்ல மதியச் சாப்பாடு. "ஆன்கே ஆ லேய். வீட்டில் எல்லோரும் சுகமா? கேட்டதாகச் சொல்லுங்கள்." "நோன் மன்கெரோ." ஐந்து படி ஏறிய பிறகு மேலேயிருந்து, "நல்ல ஓய்வு!" நான் கீழேயிருந்து, "உங்களுக்கும்!" சாவி திருகும் சத்தம். கதவு சாத்துவதற்குள் இன்னொரு "புவோனா!" விழும். ஓரிரு தடவை அதற்கும் பதில் சொல்லிப் பார்த்தேன், கதவு மறுபடி திறந்தது.